வீட்டுக்குள் ஒரு மீன்குளம் – 9: எடை இறங்கும் வழி

கொளத்தூர் கடைகளில் ஒரு ஜோடி கப்பி வாங்கி வந்தவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஒரு தொட்டி போதாமல் போய்விடும். பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். கூடவே விட்டுவைத்தால் குட்டிகளைத் தாயே தின்றுவிடும். குட்டிகளுக்கு ஒரு தொட்டி, ஆண்களுக்கு ஒன்று, புதிதாக வரும் மீனைத் தனியே வைத்துக் கவனிக்க ஒன்று என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். மயிலாப்பூர், தி.நகர் ஃபிளாட்டுகளில் அத்தனையையும் தரையில் பரப்ப முடியாது. அடுக்கத்தான் வேண்டும்.

அடுக்குமுன் எடையைக் கணக்குப் போடுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் 10 இன்ச் தண்ணீர் விட்டால் அதுவே 47 கிலோ. 5 மி.மீ. கண்ணாடி 9 கிலோ. மணலும் கல்லும் சேர்ந்தால் ஒரு தொட்டி 65 கிலோ. நான்கு தொட்டி 260 கிலோ. இந்தச் சுமை ராத்திரியும் பகலும் இறங்காமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். புத்தக அலமாரியோ பார்ட்டிகிள் போர்டு மேசையோ இதற்கு ஆகாது. ஈரம் பட்டால் பார்ட்டிகிள் போர்டு ஊறி உதிர்ந்துவிடும்.

இரும்பு ஆங்கிளில் வெல்டிங் செய்தும் ராக் போடலாம். ஆனால் அடையாறு, சாந்தோம் பக்கத்து உப்புக் காற்றோடு தொட்டித் தண்ணீரும் தெறித்தால் துரு சீக்கிரம் பிடிக்கும். நன்றாக உலர்ந்த வேம்பு அல்லது சால் மரத்தை மரவாடியில் அளவு சொல்லி அறுத்து வாங்கினால், வீட்டிலேயே செய்துவிடலாம். கால்களுக்கு 3×3 இன்ச், சட்டங்களுக்கு 3×2. சட்டத்தின் 3 இன்ச் பக்கம் செங்குத்தாக நிற்கவேண்டும். படுக்கப் போட்டதைவிட அப்போது இரண்டேகால் மடங்கு விறைப்பாக இருக்கும்.

இந்த வேலையில் ஒரே விதிதான் முக்கியம்: எடை மரத்தின் வழியாகவே தரைக்கு இறங்கவேண்டும். காலின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிட்டால், மொத்தச் சுமையும் அந்த ஸ்க்ரூவில்தான் தொங்கும். காலில் ஓர் இன்ச் ஆழம் வெட்டி, சட்டத்தை அதில் உட்காரவையுங்கள். வெட்டத் தெரியாதவர்களுக்கு எளிய வழி உண்டு. கீழ்ச் சட்டத்துக்கு அடியில் தரைவரை ஒரு துண்டுக் கட்டை. கீழ்ச் சட்டத்துக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவில் இன்னொரு கட்டை. இரண்டையும் காலோடு ஒட்டி முடுக்குங்கள். ஸ்க்ரூவின் வேலை மரம் விலகாமல் பிடிப்பது மட்டுமே. அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

நீளவாக்கில் இரண்டு தொட்டி என்றால் நடுவிலும் ஒரு ஜோடி கால் வேண்டும். ஆக ஆறு கால். கீழ்த் தட்டு தரையிலிருந்து ஓரடி, மேல் தட்டு மூன்றேகால் அடி. நடுவே கையும் வலையும் போக ஓரடி இடைவெளி கிடைக்கும். மேற்பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். அறுத்த ஓரங்களுக்குப் பெயின்ட் அவசியம். பின்பக்கம் குறுக்காக ரீப்பர் அடித்தால் ஆட்டம் நிற்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மக்கோல் விரியுங்கள். மூன்றாவது தட்டு வேண்டாம். ஓரடி அகல ராக்கில் சுமை மேலே ஏற ஏற, சாயும் ஆபத்தும் ஏறும். இரண்டு தட்டு ராக்கையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

இடம் தேர்வதும் கட்டுமானத்தில் சேர்த்தி. வீட்டுத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது ஐஎஸ் 875. நம் ராக் அரை சதுர மீட்டரில் 300 கிலோவை இறக்குகிறது. ஆகவே அறை நடுவில் வேண்டாம். அடியில் பீம் ஓடும் சுவரோரமே சரி. வெளியே நீட்டிய பால்கனியில் வைக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. பிளக் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். ஏர் பம்ப்பும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கவேண்டும். இல்லையென்றால், கரன்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே பம்ப்புக்குள் இறங்கும். புயல் நாட்களுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ராக் முடிந்த அன்றே மீனை விடாதீர்கள். தொட்டிகளை நிரப்பி ஒரு வாரம் அப்படியே வைத்து, சட்டம் வளைகிறதா, கால் விலகுகிறதா என்று தினமும் பாருங்கள். குறை தெரிந்தால் தண்ணீரை இறைத்துவிட்டுத் திருத்துங்கள். ராக் உறுதியானபிறகு மீன் வாங்கக் கிளம்புங்கள்.

(தொடரும்)