பயறைத் துளைக்கும் வண்டு: ஒரு கரண்டி எண்ணெய் போதும்!

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. நாயக்கர் காலத்தில் மதுரைச் சீமையின் 72 பாளையங்களில் ஒன்றாக இருந்த ஊர். சுற்றிலும் மானாவாரி நிலம். மழை ஏமாற்றாத வருஷத்தில் துவரையும் மொச்சையும் தட்டைப்பயறும் கிடைக்கும். வீட்டுக்கு வந்த பயறு, அடுத்த விளைச்சல் வரை குழம்புக்கு ஆக வேண்டும். விதைக்கும் அதிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துப் பானையைத் திறந்து பார்த்தால்? பயறெல்லாம் ஓட்டை. அடியில் மாவு. மேலே ஊர்ந்து திரியும் பழுப்பு வண்டுகள். அதை ஆட்டுக்குப் போட வேண்டியதுதான்!

காட்டிலிருந்து வந்த விருந்தாளி

உடனே வீட்டில் சண்டை. பானையைச் சரியாகக் கழுவவில்லை என்று மருமகள்மேல் பழி விழும். பாவம், அவர் என்ன செய்வார்? இந்த வண்டு பெரும்பாலும் காட்டிலிருந்தே வந்துவிடுகிறது. காய் முற்றும்போதே தாய் வண்டு வந்து முட்டையிட்டுப் போய்விடும். பயறின்மேல் வெள்ளைப் புள்ளி போல ஒட்டிக்கொண்டிருப்பது அந்த முட்டைதான். அதிலிருந்து வரும் புழு நேரே பயறுக்குள் நுழைந்து, உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். எல்லாம் சுமார் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஓட்டை தெரிகிறது என்றால் திருடன் வேலையை முடித்துவிட்டான் என்று அர்த்தம்.

வெளியே வந்த வண்டு பயறைத் தின்பதில்லை. ஒன்றிரண்டு வாரமே உயிர் வாழும். ஆனால் அதற்குள் ஒரு பெண் வண்டு 100 முட்டை வரை இட்டுவிடும். அவற்றில் பாதி பெண் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாம் பிழைத்தால் அடுத்த தலைமுறையில் 5 ஆயிரம்!

ஆகவே மருந்து, பயறு வீட்டுக்கு வந்த வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

வெயிலும் எண்ணெயும்

முதலில் வெயில். சும்மா முற்றத்தில் பரப்பினால் வண்டு ஓடிவிடும். பயறுக்குள் இருக்கும் புழு சாகாது. கறுப்புத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்துவிட வேண்டும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். 57 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை, புழு, வண்டு மூன்றும் ஒழியும். நல்ல உச்சி வெயிலில் இது எட்டாத சூடு அல்ல. எடுத்ததும் பானையில் கொட்டிவிடக் கூடாது. ஆறவிடாமல் மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

அடுத்தது எண்ணெய். ஒரு கிலோ பயறுக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. கடலை எண்ணெயோ விளக்கெண்ணெயோ எதுவானாலும் சரி. கையால் நன்றாகப் பிசறி, பயறு மினுமினுக்கும்படி செய்தால் போதும். முட்டை சுவாசிக்கும் வழி அடைபட்டு, உள்ளே இருப்பது செத்துவிடும். விதைக்கு மட்டும் எடுத்து வைப்பதானால் வேப்பெண்ணெய் இன்னும் நல்லது. கசப்பு இருப்பதால் சமையலுக்கு ஆகாது.

துவரைக்குச் செம்மண் கட்டும் பழைய வழக்கத்திலும் ரகசியம் இதுதான். மண் பூச்சு வண்டை முட்டையிட விடாது. துவரையை உடைத்துப் பருப்பாக்கிவிட்டால் தொல்லை பெருமளவு குறையும். இந்த வண்டுக்கு முழுப் பயறுதான் பிடிக்கும்.

வசம்பைத் தூளாக்கிப் போடுவதும் உண்டு. வண்டு நெருங்காது என்பது உண்மையே. ஆனாலும் அதை விதைப் பானையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தின்னும் பயறில் வேண்டாம்.

அரிசியில் வரும் வண்டின் குணம் வேறு. அது காற்றைத் தேடி ஓயாமல் அலையும். அந்தக் குணத்தையே கண்ணியாக்கியது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். துளை போட்ட குழாயை அரிசிக்குள் செருகி வைத்தால், காற்று வாங்க வரும் வண்டு துளை வழியே புகுந்து அடியில் விழும். மேலே ஏற முடியாது. வாரம் ஒரு முறை எடுத்துக் கொட்டினால் தீர்ந்தது.

மாத்திரை வேண்டாம்

சில வீடுகளில் மூட்டைக்குள் மாத்திரை போடுகிறார்கள். கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு அது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பைன் என்ற விஷ வாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து இல்லை. பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில்லாமல் தொடவே கூடாத சரக்கு. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தன. வண்டுக்கும் எலிக்கும் வைப்பதை, அதே அறையில் படுத்திருப்பவர்களும் சுவாசிக்கிறார்கள் அல்லவா?

அந்துப்பூச்சிக்கும் ஒரு வேலை

அரிசியையும் ரவையையும் நூலாம்படை போலப் பின்னிக் கட்டியாக்குவது அந்துப்பூச்சியின் புழு. எந்த வீட்டிலும் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். கன்னிவாடி வட்டாரத்தில் பெண்கள் அதைக் கம்பு போட்டு வளர்த்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா?

சென்னையில் 1988-ல் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களின் பிற்பகுதியில் இந்தப் பக்கம் வந்தது. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு ஒட்டுண்ணி வளர்க்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைகோகிரம்மா என்ற குளவியிடம் விட்டுவிடுவார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி அது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் தன் முட்டையை வைக்கும். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிப் பருத்திச் செடியிலோ கரும்புத் தோகையிலோ கட்டினால், வெளிவரும் குளவிகள் அங்குள்ள காய்ப்புழு, தண்டுத் துளைப்பானின் முட்டைகளைத் தேடிப் போகும். பயிரைக் கெடுக்கும் புழு பிறக்கும் முன்பே முடிந்தது!

சமையலறையில் இந்தக் குளவியைத் தேட வேண்டியதில்லை. ரவையை வறுத்து ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வாய்வரை நிரப்பி மூடினால் அந்து அண்டாது. குளிர்சாதனப் பெட்டி இருப்பவர்கள் மேல் அறையில் ஒரு வாரம் வைத்து எடுத்தாலும் முட்டை செத்துவிடும். கட்டி பிடித்ததை மட்டும் சலித்துக் கோழிக்குப் போடலாம்.