ஃபிரீரென்: ஒரு யப்பானியச் சித்திரத் தொடர்

மாயமந்திரக் கதை என்றதும் வாள், மந்திரக்கோல், அசுர அரசன் ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. நாயகன் அசுரனைக் கொன்றால் கதை முடியும். யப்பானியர் ‘அனிமே’ என வழங்கும் அசைவுச் சித்திரத் தொடர்களிலும் இத்தகையன ஏராளம். ஆனால் ‘ஃபிரீரென்’ என்னும் தொடர், ஏனைய கதைகள் முடிவுறும் இடத்திலே தொடங்குகின்றது. அதன் சிறப்பை ஆராயப் புகுவோர் முதலிற் கருத வேண்டியது இதனையே.

யமதா கனெஹிதோ எழுத, அபே த்சுகாசா வரைந்து, 2020ஆம் ஆண்டு முதல் வார இதழொன்றில் வெளிவந்த சித்திரக்கதையே இதன் மூலம். சைத்தோ கெயிச்சிரோவின் நெறியாள்கையில், 2023 செப்டெம்பர் முதல் 2024 மார்ச் வரை, 28 பகுதிகளாக இதன் முதற் பருவம் யப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியது.

வீரன் ஹிம்மெல், மதகுரு ஹைட்டர், குள்ளர் குலத்து ஐசென், மந்திரக்காரி ஃபிரீரென் ஆகிய நால்வரும் பத்தாண்டுப் பயணத்தின் பின் அசுர வேந்தனை வென்று நாடு திரும்புகின்றனர். ஃபிரீரென் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவள். பத்தாண்டு அவளுக்கு ஒரு பொழுது போன்றது. ஐம்பது ஆண்டு கழித்து விண்மீன் மழையைக் காண மீண்டும் சந்திப்போம் என்று எளிதாகக் கூறிச் செல்கிறாள். திரும்பி வரும்போது ஹிம்மெல் நரை திரைக் கிழவன். சிறிது காலத்தில் அவன் இறந்துபோக, இவனை அறிந்துகொள்ள ஏன் முயலாதிருந்தேன் என்று அடக்கத்தின்போது அழுகிறாள். ஆன்மாக்கள் உறையும் வடதிசை நோக்கி அவள் புறப்படுவது அந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டே.

இத்தொடரில் மந்திரமும் காலத்திற்குக் கட்டுப்பட்டது என்பதனை நேயர்கள் கவனிக்க வேண்டும். குவால் என்னும் அசுரன் மனிதரைக் கொல்லும் மந்திரமொன்றைப் படைத்தவன். எண்பது ஆண்டு முத்திரையிடப்பட்டுக் கிடந்து விழித்தெழுந்ததும் அதே மந்திரத்தை ஏவுகிறான். அவளுடைய இளம் மாணவி ஃபேர்ன் அதனை எளிதாகத் தடுத்துவிடுகிறாள்! இடைப்பட்ட தலைமுறைகளிலே மனித மந்திரவாதிகள் அதனை ஆராய்ந்து, தடுக்கும் வழி கண்டு, தம்முடைய சாதாரண ஆயுதமாகவே ஆக்கிவிட்டனர். அற்பாயுளர் எனப்பட்டோர் எண்பது ஆண்டில் எவ்வளவு செய்துள்ளனர் என்பதனை எந்தப் பிரசங்கத்தினும் மேலாக இந்த ஒரு காட்சி உணர்த்துகின்றது. போர்க்காட்சியின் தகுதியை வெடியோசையால் அளப்போர் இதனைச் சற்றே சிந்தித்தல் நலம்.

பெயர்களிலும் ஒரு நயம் உண்டு. அவை பெரும்பாலும் ஜேர்மன் மொழிச் சொற்கள். ஹிம்மெல் என்றால் வானம், ஐசென் என்றால் இரும்பு, ஃபிரீரென் என்றால் உறைதல்.

குறை இல்லையோ எனின், உண்டு. 18ஆம் பகுதியிலிருந்து இறுதிவரை நீளும் மந்திரவாதிகளின் பரீட்சையில் புதியவர் பலர் கூட்டமாக நுழைகின்றனர். போட்டியின் விறுவிறுப்பு மிகுகிறதேயன்றி, முற்பகுதியின் ஆழ்ந்த அமைதி குன்றிவிடுகிறது. பலர் இப்பகுதியையே விரும்புவர். எனக்கு அது வேறொரு தொடரின் வாடை உடையதாகவே தோன்றியது.

தொடரின் உயிர் சிறு செய்கைகளிலேதான் உள்ளது. ஹிம்மெலின் ஊரிலே பூத்த நீலமலரை அவன் சிலையைச் சூழ நடுவதற்காக, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அச்செடியை அவள் மாதக்கணக்காகத் தேடி அலைகிறாள். இன்னொரு பகுதியில், முன்னொரு நாள் கடைத்தெருவிலே அவளாகவே தேர்ந்தெடுத்த மோதிரம் வருகின்றது. அதிலுள்ள தாமரை வடிவத்திற்கு அந்நாட்டு மலர்மொழியிலே அழியாத அன்பு என்பது பொருள். அவள் அதனை அறியாள். ஹிம்மெல் முழந்தாளிட்டு அவள் விரலில் அதனை அணிவிக்கும் காட்சியை மட்டும் நமக்குக் காட்டிவிட்டு, விளக்கம் எதுவும் கூறாது தொடர் அப்பாற் செல்கிறது.