பொம்மை அச்சிலிருந்து முனைவர் பட்டம் வரை: விருத்தாசலம் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

விருத்தாசலம் பட்டறைகளில் பொம்மை வார்ப்பவர்கள் களிமண் கரைசலை பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக் காத்திருப்பார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் தடிக்கும். தடிமன் இரு மடங்காக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு ஆகும். நுண்துளைகள் வழியே நீர் கசியும் இந்தக் கணக்கைத்தான் கெமிக்கல் இன்ஜினீயரிங் மேற்படிப்பில் சமன்பாடாகப் படிக்கிறார்கள். அந்தப் படிப்புக்கான பாதி அறிமுகம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பட்டறையிலேயே கிடைத்துவிடுகிறது.

முதல் படி எது?

ஊரில் உள்ள அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளமோ முடித்தவர்கள், பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 1944-இல் தொடங்கிய கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் கெமிக்கல், செராமிக் இரண்டும் கற்பிக்கப்படுகின்றன. டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்களைப் பத்திரமாக வைத்திருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அவற்றையும் கேட்கக்கூடும். செராமிக் பட்டதாரி கெமிக்கலுக்கு மாறினால், வெப்ப இயக்கவியல், வினைப் பொறியியல் போன்ற இளநிலைப் பாடங்களைக் கூடுதலாகப் படிக்க நேரலாம்.

பணத்துக்கு என்ன வழி?

அமெரிக்காவில் எம்.எஸ். பெரும்பாலும் சொந்தச் செலவு. பிஎச்.டி.க்கு இளநிலைப் பட்டத்துடனே விண்ணப்பிக்கலாம். கெமிக்கல் துறைகளில் இடம் கிடைத்தால், கட்டணத்தைப் பொதுவாகத் துறையே ஏற்று மாத உதவித்தொகையும் தரும். கடன் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் தேவை; வாழ்க்கைச் செலவுக்கு வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. உள்நாட்டில் கேட் தேர்வு ஐ.ஐ.டி.களின் கதவைத் திறக்கும். அதன் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

சிறுவயதிலிருந்தே அறிவியல் ஆர்வம் என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். சூளையை அவசரமாக ஆறவிட்டால் பீங்கான் ஏன் விரிசல் விடுகிறது என்று எழுதுங்கள்: 573 டிகிரி செல்சியஸ் அருகே அதிலுள்ள குவார்ட்ஸ் படிக அமைப்பு மாறிச் சட்டெனச் சுருங்குகிறது. கார் புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூட்டு வடிவக் கார்டியரைட், எரிபொருள் கலங்களில் உள்ள சிர்கோனியா ஆகிய செராமிக் பொருள்களிலும் வெப்பத்தால் வரும் விரிசல் ஆய்வுக்குரிய சிக்கல்தான். நீங்கள் சூளையில் கண்டதை அந்த ஆய்வோடு இணைத்துக் காட்டுங்கள். அதே பொருளில் ஆராயும் பேராசிரியரைத் தேடி, அவருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள்.