இலஞ்சம் கேட்டால் என்ன செய்வது?

பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த, அடையாள அட்டை எடுக்க என்று நம்ம ஆட்கள் கந்தோருக்குப் போனால், சில இடங்களில் "தேத்தண்ணிக் காசு" கேட்கிறார்கள். குடுக்காவிட்டால் பிள்ளையின் ஓ.எல். பரீட்சைக்கு அடையாள அட்டை வராதோ என்ற பயத்தில், வட்டிக்கு வாங்கியாவது குடுத்துவிடுகிறோம்.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இலஞ்சம் வாங்குகிறவர் மட்டுமல்ல, குடுக்கிறவரும் சட்டப்படி குற்றவாளிதான். ஆகவே குடுத்துவிட்டு அழுவதைவிட, கேட்டவுடனே முறைப்பாடு செய்வதே புத்தி.

நம் நாட்டில் இலஞ்சச் சட்டம் 1954இல் வந்தது. இப்போது அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தனியார் துறையில் வாங்கும் இலஞ்சமும் இதன்படி குற்றம். முறைப்பாட்டை விசாரிப்பது கொழும்பிலுள்ள இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழு. தொலைபேசி இலக்கமும் 1954தான், ஞாபகம் வைப்பது லேசு.

விஷயம் உண்மை என்று கண்டால் அதிகாரிகள் பொறி வைப்பார்கள். நோட்டு இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, உங்களோடு தங்கள் ஆள் ஒருவரையும் அனுப்புவார்கள். காசு கைமாறும்போதே பிடிப்பார்கள். அவர்களுக்குச் சொல்லி, அவர்கள் சொன்னபடி குடுப்பதால் உங்களுக்குக் குற்றம் வராது.

"பெரிய ஆட்களை யார் பிடிக்கிறது?" என்று கேட்பீர்கள். 2018 மே மாதம் கொழும்பு ஹோட்டல் ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் ஜனாதிபதியின் பணிக்குழாம் பிரதானி ஐ.எச்.கே. மஹாநாமவும் அரச மரக்கூட்டுத்தாபனத் தலைவர் பி. திசாநாயக்கவும் பிடிபட்டார்கள். கந்தளாய் சீனித் தொழிற்சாலை விவகாரத்தில் இந்திய வியாபாரி ஒருவரிடம் 2 கோடி ரூபா வாங்கினார்கள் என்பது வழக்கு. 2019 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மேல் நீதிமன்றம் முதலாமவருக்கு 20 வருடமும் மற்றவருக்கு 12 வருடமும் சிறை விதித்தது. இருவரும் மேன்முறையீடு செய்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை உறுதிசெய்தது.

தண்டனை கிடைத்தவர் அப்பீல் போட்டால் "தப்பிவிட்டார்" என்று லயத்தில் பேசிக்கொள்கிறோம். அது தப்பு. மேன்முறையீடு யாருக்கும் உள்ள உரிமை. சாதாரணமாக மேல் நீதிமன்றத் தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் மனு குடுக்கவேணும். அதை மேன்முறையீட்டு நீதிமன்றம் விசாரிக்கும். அங்கே சாட்சிகளைப் பெரும்பாலும் திரும்பக் கூப்பிடுவதில்லை. முதல் வழக்கில் எழுதிவைத்த சாட்சியத்தையும், சட்டப் பிழை இருக்கிறதா என்பதையுமே பார்ப்பார்கள்.

அதனால்தான் நீங்கள் முதலில் சொல்வது முக்கியம். கேட்டவர் பெயர், பதவி, கந்தோர், திகதி, நேரம், கேட்ட தொகை எல்லாவற்றையும் அன்றைக்கே கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாட்டி பிள்ளைகளைக் கொண்டு எழுதுங்கள். பொய்யாகவோ கூட்டியோ ஒன்றும் சொல்லவேண்டாம். பொய் முறைப்பாடும் குற்றம். ஒன்றுக்கொன்று முரணான சாட்சியத்தால் உண்மையான வழக்கும் தோற்றுப்போகும்.

நமக்குச் சேரவேண்டிய கடதாசிக்கு யாருக்கும் கைக்கூலி குடுக்கத் தேவையில்லை.