ஆளுக்கேற்ற அடிக்கணக்கு: கோல்ஃப் ஹேண்டிகேப் ஓர் அறிமுகம்

முப்பது ஆண்டுகளாக ஆடுகிற ஒருவரும், போன வருடம்தான் மட்டையைக் கையில் எடுத்த ஒருவரும் ஒரே திடலில் மோதுகிறார்கள். வெற்றி யாருக்கு என்பது பதினெட்டாவது குழிவரை தெரியவில்லை. பூப்பந்திலோ ஓட்டப்பந்தயத்திலோ இப்படி நடப்பது அரிது. கோல்ஃபில் இது வாரந்தோறும் நடக்கிறது. நடக்க வைப்பது ஹேண்டிகேப் என்ற ஒரே ஓர் எண். அதற்கேற்பச் சில அடிகளை ஆட்டக்காரரின் மொத்தத்திலிருந்து சலுகையாகக் கழிப்பார்கள்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இந்த எண்ணுக்கு வேலை அதிகம். லார்க்கினில் ராயல் ஜொகூர் கண்ட்ரி கிளப், இஸ்கந்தர் புத்ரியில் ஹொரைசன் ஹில்ஸ், கிழக்குக் கடற்கரையில் டெசாரு என்று ஒன்றுக்கொன்று குணம் மாறும் திடல்கள் இங்கே உண்டு. டெசாருவின் எல்ஸ் கிளப்பில் கடலோரத் திடலை கோல்ஃப் வீரர் எர்னி எல்ஸ் வடிவமைத்தார். பள்ளத்தாக்குத் திடலில் அவரோடு விஜய் சிங்கும் சேர்ந்துகொண்டார். வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வருபவர்களும் உள்ளூர்க்காரர்களும் கலந்து ஆடுகிறார்கள். ஒரு வாரம் கடினமான திடலில் 95 அடி, மறுவாரம் எளிய திடலில் 92 அடி. இரண்டில் எது நல்ல ஆட்டம்? அடிகளை மட்டும் எண்ணினால் விடை தவறாகிவிடும்.

எளிய வினாத்தாளில் எடுத்த எண்பதும் கடினமான வினாத்தாளில் எடுத்த எண்பதும் ஒன்றல்ல. ஆகவே முதலில் திடலை அளக்கிறார்கள். ஒவ்வொரு திடலுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று கோர்ஸ் ரேட்டிங்: ஹேண்டிகேப் பூஜ்யமாக உள்ள தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எத்தனை அடியில் முடிப்பார் என்ற மதிப்பீடு. மற்றொன்று ஸ்லோப் ரேட்டிங்: சாதாரண ஆட்டக்காரரை அந்தத் திடல் கூடுதலாக எவ்வளவு படுத்தும் என்ற அளவு. இது 55 முதல் 155 வரை போகும். பொது நிலை 113.

இரண்டாவது எண் எதற்கு? 200 கெஜத்தில் ஒரு மணற்குழி இருப்பதாக வையுங்கள். 250 கெஜம் அடிப்பவருக்கு அது கண்ணில் படுவதோடு சரி. 200 கெஜம் அடிப்பவரின் பந்து நேரே அதில்தான் போய் விழும். ஒரே மணற்குழி, இருவருக்கு இரு வேறு திடல். இந்த நியாயத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கரான டீன் நூத். இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் அடி அடிக்கும் இடமான டீ பல உண்டு; நீல டீ, வெள்ளை டீ, சிவப்பு டீ என ஒவ்வொன்றுக்கும் இந்த எண்கள் தனித்தனி. எந்த டீயிலிருந்து ஆடினீர்கள் என்று குறிக்காத ஸ்கோர் கணக்குக்கு உதவாது.

இனி சூத்திரம். நீங்கள் எடுத்த அடிகளிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழியுங்கள். வருவதை 113-ஆல் பெருக்கி ஸ்லோப் ரேட்டிங்கால் வகுங்கள். கிடைப்பது அன்றைய டிஃபரன்ஷியல். ரேட்டிங் 71.2, ஸ்லோப் 128 உள்ள திடலில் 95 அடித்தால் டிஃபரன்ஷியல் 21.0. ரேட்டிங் 69.0, ஸ்லோப் 113 உள்ள திடலில் 92 அடித்தால் 23.0. கூடுதலாக மூன்று அடி எடுத்த ஆட்டம்தான் உண்மையில் சிறந்த ஆட்டம்.

ஒரு குழியில் மட்டும் எல்லாம் கெட்டுப்போய் அன்றைய கணக்கையே குலைக்கக் கூடாது என்பதற்காக ஓர் உச்சவரம்பும் உண்டு. அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கையான பார், அதோடு இரண்டு, அதோடு அங்கே உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடிகள், அவ்வளவுதான் பதிவாகும். பார் 4 குழியில் உங்களுக்கு இரண்டு சலுகை அடிகள் என்றால், குளத்தில் இரண்டு பந்துகளை விட்டு 11 அடி எடுத்தாலும் 8 என்றே எழுத வேண்டும். ஹேண்டிகேப் இன்னும் கிடைக்காத புதியவருக்கு வரம்பு பார் கூட்டல் ஐந்து.

உலகெங்கும் ஆறு விதமாக இருந்த கணக்குமுறைகளை ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ என்ற கோல்ஃப் ஆட்சி அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2020-இல் ஒரே உலக முறையாக்கின. அதன்படி 54 குழிகள், அதாவது மூன்று முழு ஆட்டங்கள் ஆடியதும் முதல் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் கிடைத்துவிடும். மூன்றில் மிகக் குறைந்த டிஃபரன்ஷியலை எடுத்து இரண்டைக் கழிப்பார்கள். 31.4, 28.9, 33.0 என்றால் இண்டெக்ஸ் 26.9. உச்ச அளவு 54.0. ஆட்டங்கள் இருபதைத் தொட்டதும் முழுமுறை தொடங்குகிறது: கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரி.

பலர் தடுமாறும் இடம் இதுதான். ஹேண்டிகேப் உங்கள் சராசரி ஆட்டத்தைச் சொல்வதில்லை. நன்றாக ஆடும் நாளில் உங்களால் என்ன முடியும் என்பதைச் சொல்கிறது. சிறந்த எட்டின் சராசரி என்பதால், அந்த எட்டில் பாதி அளவுதான் அதைவிட நன்றாக இருக்கும். எனவே இருபதில் சுமார் நான்கு முறை, அதாவது ஐந்து ஆட்டங்களுக்கு ஒருமுறை உங்கள் ஹேண்டிகேப்பைத் தொட்டாலே அது இயல்பு. மற்ற நான்கு நாளும் மனம் சோர வேண்டாம்.

முன்னேறிக்கொண்டிருப்பவர் தன் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இண்டெக்ஸ் 21.0 உள்ளவர் ஒருநாள் 17.0 டிஃபரன்ஷியல் ஆடுகிறார். அது எட்டில் மோசமாக இருந்த 23.0-ஐ வெளியே தள்ளினால் மொத்தத்தில் ஆறு குறையும். இண்டெக்ஸ் முக்கால் புள்ளி இறங்கும். இண்டெக்ஸைவிட ஏழு அல்லது அதற்கு மேல் குறைவாக ஆடிவிட்டால், திறமை சட்டென்று உயர்ந்திருக்கிறது என்று கருதி இன்னும் குறைந்தது ஒரு புள்ளி குறைப்பார்கள். எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கும். இருபத்தோராவது ஆட்டம் பதிவாகும்போது பழைய முதல் ஆட்டம் கணக்கைவிட்டு விலகும். விலகுவது உங்கள் சிறந்த ஆட்டமாக இருந்தால், இன்று சுமாராக ஆடியும் எண் ஏறும். ஆட்டம் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த இண்டெக்ஸைவிட ஐந்து புள்ளிக்கு மேல் ஏறாதபடி தடையும் இருக்கிறது.

வானிலையும் கணக்கில் வருகிறது. ஹொரைசன் ஹில்ஸில் நடந்த ஜொகூர் ஓப்பன் போட்டியை 2011-இல் யூஸ்ட் லுய்டனும் 2012-இல் செர்ஜியோ கார்சியாவும் வென்றார்கள். இரண்டு முறையும் மழையால் போட்டி 54 குழிகளாகச் சுருங்கியது. உலகத் தரத்தினரையே முடக்கும் மழை நம்மை விடுமா? ஒரு திடலில் அன்று பதிவான ஸ்கோர்களை ஒப்பிட்டு, எல்லாருமே தடுமாறியிருந்தால் மூன்று புள்ளிவரை கணினி சலுகை தரும். அதற்குக் குறைந்தது எட்டுப் பேரின் ஸ்கோர் தேவை. ஆகவே அன்றன்றே பதிவு செய்வது உங்களுக்கு மட்டுமல்ல, அன்று ஆடிய அனைவருக்கும் பயன்.

மலேசியத் தமிழர்களான பி. குணசேகரன், எம். ராமையா போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் போட்டியில் எந்தச் சலுகையும் இல்லை, அடித்ததுதான் கணக்கு. நமக்கு அப்படியல்ல. நம் ஹேண்டிகேப்பின் உயிர் முழுவதும் நேர்மையில் இருக்கிறது. பந்தயத்தில் சலுகை வேண்டும் என்று நல்ல ஸ்கோரை மறைப்பவரும், பெருமைக்காக மோசமான ஸ்கோரை மறைப்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். முன்னவர் எதிராளியை ஏமாற்றுகிறார். பின்னவர் தன்னையே ஏமாற்றிக்கொண்டு ஒவ்வொரு போட்டியிலும் தோற்கிறார்.

எனவே கிளப்பின் மென்பொருளோடு ஒரு சிறு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, திடல், டீயின் நிறம், அடிகள், டிஃபரன்ஷியல் ஆகிய ஐந்தும் போதும். விதிப்படி உடன் ஒருவராவது ஆடிய ஆட்டங்களை, நல்லதோ கெட்டதோ, ஒன்று விடாமல் அன்றே பதியுங்கள். இருபது ஆட்டங்கள் கழித்து, நீங்கள் முன்னேறியிருக்கிறீர்களா என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.