வோல்ட் பாதி, ஹெர்ட்ஸ் மீதி

வீட்டுக்குள் மின்சாரம் – 17

கோடை விடுமுறைக்கோ மார்கழிக் கச்சேரி சீசனுக்கோ அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் துணிமணிக்கு நடுவே மின்சாதனம் ஒன்றாவது இருக்கும். அம்மாவுக்கு மசாஜ் கருவி, தங்கைக்கு ஹேர் டிரையர், அப்பாவுக்கு நெபுலைசர். எல்லாம் பிரியத்தோடு வாங்கி வந்தவை. பெட்டியைப் பிரித்த கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் அதைச் சுவரில் மாட்டிப் பார்க்க ஆசைப்படுவார்.

அமெரிக்க பிளக்கின் தட்டைப் பின்கள் நம் வீட்டு உருண்டைத் துளை சாக்கெட்டில் நுழையாது. அந்தத் தடையே ஒரு பாதுகாப்புதான். ஆனால் எந்த நாட்டுப் பிளக்கையும் ஏற்றுக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் பெட்டி இன்று பல வீடுகளில் இருக்கிறது. கன்வர்ஷன் பிளக் தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கிறது. இவை பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். சுவரில் இருக்கும் 230 வோல்ட் அப்படியே சாதனத்துக்குள் போகும். போன வாரம் பேசிய எர்த் கம்பியும் இந்த இடத்தில்தான் அறுந்துபோகிறது: மூன்று பின் உள்ள அமெரிக்கப் பிளக்கைச் செருகினாலும், மலிவான கன்வர்ஷன் பிளக்குகள் பலவற்றில் எர்த் பின்னுக்கு எந்தத் தொடர்பும் இருப்பதில்லை.

அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட். நமக்கு 230. ஏறக்குறைய இரண்டு மடங்குதானே, சாதனம் இரண்டு மடங்கு சூடாகும், சமாளித்துக்கொள்ளும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கணக்கு அப்படிப் போவதில்லை. ஹீட்டர் காயிலில் வோல்ட் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் கரண்ட்டும் இரண்டு மடங்காகும். ஆகவே வாட் நான்கு மடங்காகும். அங்கே விற்கும் ஹேர் டிரையர்களில் 1875 வாட் என்ற எண்ணை அடிக்கடி பார்க்கலாம். 125 வோல்ட்டை அந்த நாட்டு சாக்கெட்டின் 15 ஆம்பியரால் பெருக்கினால் வரும் எண் அது. அதே டிரையரை நம் வீட்டில் மாட்டினால் காயில் 6,300 வாட்டுக்கு மேல் இழுக்கும். கிட்டத்தட்ட 27 ஆம்பியர். கையில் பிடித்துத் தலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இவ்வளவு சூடு!

அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறதே, விழுந்துவிடாதா என்று கேட்கலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 27 ஆம்பியர் ஓடினால் அது உடனே விழாது. ஷார்ட் சர்க்யூட் ஆனால்தான் கண நேரத்தில் விழும். இந்த அளவு மிகைச் சுமைக்கு, உள்ளே உள்ள தகடு சூடாகி வளைய ஒரு நிமிடமோ, சில நிமிடங்களோ ஆகும். அதற்குள் காயில் உருகி அறுந்திருக்கும். அல்லது கூடு தீப்பிடித்திருக்கும்.

எனவே எதையும் மாட்டும் முன் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ முதுகிலோ சின்ன எழுத்தில் ஒரு லேபிள் இருக்கும். அதில் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் அல்லது ஆம்பியர் என்று எண்கள் இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு லேபிளைப் பற்றித்தான்.

‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருந்தால் கவலை இல்லை. லேப்டாப் அடாப்டர், செல்போன் சார்ஜர், கேமரா சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு தனக்குத் தேவையான அளவில் வெட்டித் தைத்துக்கொள்ளும் சுற்று அவற்றுக்குள் இருக்கிறது. நல்ல கன்வர்ஷன் பிளக் ஒன்று போதும்.

இரண்டு வோல்ட் அளவுகளுக்கு நடுவே ஒரு சுவிட்ச் வைத்த சாதனங்கள் அடுத்த வகை. சில டிரையர்களில் நாணயத்தால் திருப்பும் சிறு திருகு இருக்கும். பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கும். இதை எளிதாக நினைக்க வேண்டாம். 115-இல் வைத்தால் உள்ளே உள்ள சுற்று வரும் வோல்ட்டை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். குறைந்த வோல்ட் நாட்டுக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த நிலையில் 230-ஐக் கொடுத்தால் ஒவ்வொரு அலையின் உச்சியும் 325 வோல்ட், அது இரட்டித்து 650. உள்ளே உள்ள இரண்டு 200 வோல்ட் கெபாசிட்டர்கள் அதைத் தாங்காது. வெடிச் சத்தத்தோடு புகை வரும். மாட்டுவதற்கு முன் சுவிட்சைத் திருப்புங்கள். மாட்டிய பிறகு தொடாதீர்கள்.

‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால்தான் சிக்கல். பலரும் ஒரு ஸ்டெபிலைசரை வைத்து மாட்டிவிடலாம் என்கிறார்கள். ஸ்டெபிலைசரின் வேலை, ஏறி இறங்கும் 230-ஐ 230-ஆகவே வைத்திருப்பது. 120-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே வேண்டியது ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். சென்னையில் ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது முதலில் எடையைப் பாருங்கள். இரும்பும் செம்பும் சேர்ந்த உண்மையான டிரான்ஸ்ஃபார்மர் கனக்கும். 1,500 வாட் தாங்கும் ஒன்றைத் தூக்கினாலே தெரிந்துவிடும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பாவில் 2,000 வாட் என்று எழுதியிருந்தால் அதில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. அலையின் ஒரு பகுதியை வெட்டியெறிந்து சராசரியைக் குறைக்கும் சில்லு மட்டுமே இருக்கிறது. வெறும் ஹீட்டர் காயில் உள்ள பொருளைச் சிறிது நேரம் அதில் ஓட்டலாம். மோட்டாரோ டிஸ்பிளேயோ உள்ள எதையும் அதில் மாட்டக் கூடாது.

டிரான்ஸ்ஃபார்மரின் வாட் அளவு, சாதனத்தின் லேபிளில் உள்ளதைவிட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். மோட்டார் உள்ளது என்றால் இன்னும் கூடுதலாக. மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

கடையில் கிடைக்கும் மலிவான ரகங்கள் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். உள்ளே ஒரே சுற்றுக் கம்பிதான். அதன் நடுவிலிருந்து ஒரு கம்பியை இழுத்து 110 என்று வெளியே கொடுத்திருப்பார்கள். இதில் இரண்டு ஆபத்துகள். பொதுவான பகுதியில் கம்பி அறுந்துபோனால் தடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் 230-உம் சாதனத்தை நோக்கிப் பாயும். அடுத்தது, நியூட்ரல் வர வேண்டிய முனைக்கு ஃபேஸ் வந்துவிட்டால், வெளியே வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றில் தரைக்கு எதிராக 230 வோல்ட்டும், மற்றதில் 110-க்கு மேலும் இருக்கும். ‘110 தானே, தொட்டால் ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கை உயிரை வாங்கும். உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் விலை அதிகம். ஆனால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். மூன்று பின் பிளக்கும், எர்த் தொடர்ச்சியும் உள்ளதா என்றும் கேட்டு வாங்குங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பொருளுக்கு ஒரு வார்த்தை. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். ஜப்பானிய ரைஸ் குக்கரை 110 டிரான்ஸ்ஃபார்மரில் வைத்தால் பத்து சதவீதம் கூடுதல் வோல்ட். சூடு 21 சதவீதம் கூடும். 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தவர்கள்கூட மறந்துவிடுவது ஹெர்ட்ஸ். மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் அலைகிறது என்ற கணக்கு அது. நமக்கு 50, அமெரிக்காவுக்கு 60. ஜப்பான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: ஃபூஜி ஆற்றுக்குக் கிழக்கே டோக்கியோ பக்கம் 50, மேற்கே ஒசாகா பக்கம் 60. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. வோல்ட்டைக் குறைக்கும் எந்த டிரான்ஸ்ஃபார்மரும் ஹெர்ட்ஸைத் தொடுவதில்லை. 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 120 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்தான் வெளியே வரும்.

ஹீட்டருக்கு இது பொருட்டே அல்ல. பிரஷ் வைத்த மோட்டார் ஓடும் மிக்ஸிக்கும் அப்படித்தான். ஆனால் அலையின் தாளத்துக்கே சுழலும் மோட்டார்கள் இருக்கின்றன. 60 ஹெர்ட்ஸை நம்பி ஓடும் பழைய மின்கடிகாரம் இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அந்த வகை மோட்டார் உள்ள பழைய அமெரிக்க ரெக்கார்ட் பிளேயரில் இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக 28 சுற்றுகூடச் சுற்றாது. சுருதி ஆறில் ஒரு பங்கு குறையும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார்.

சுருதி இறங்கினால் காதுக்குத் தெரிந்துவிடும். சூடு ஏறுவது தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் ஆகியவற்றின் இரும்பில் உண்டாகும் காந்தப் பாயம், வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் அளவைப் பொறுத்தது. 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. 50-ஆல் வகுத்தால் 2.4. இருபது சதவீதம் அதிகம். அவ்வளவைத் தாங்கும்படி அந்த இரும்பைச் செய்திருக்க மாட்டார்கள். அது நிரம்பி வழிந்து, கரண்ட் தாறுமாறாக ஏறி, சுற்றுக் கம்பி வெந்துபோகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய வகை மைக்ரோவேவ் அவன், ஆம்பிளிஃபையர், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் எல்லாம் இந்தக் காரணத்தால்தான் ‘டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் கருகிவிட்டது’ என்ற கணக்கில் சேர்கின்றன.

இது வசதிப் பொருள்களோடு நின்றிருந்தால் இத்தனை விரிவாக எழுதியிருக்க மாட்டேன். 2021 ஏப்ரல், மே மாதங்களை நாம் யாரும் மறக்கவில்லை. படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காமல் மக்கள் தவித்த கொரோனா நாள்கள். அந்த ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்களைச் சொந்த உபயோகத்துக்குத் தபாலிலும் கூரியரிலும் தருவித்துக்கொள்ள ஜூலை 31 வரை அனுமதி கொடுத்தது. கடல் தாண்டி இருந்த பிள்ளைகளும் சங்கங்களும் கையில் கிடைத்ததை அனுப்பினார்கள். 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கருவியாகப் பார்த்து அனுப்புங்கள் என்று அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

ஏன் என்று பார்ப்போம். வீட்டில் வைக்கும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர், அறைக் காற்றை ஒரு கம்ப்ரஸரால் அழுத்தி, சியோலைட் என்னும் மணிகள் நிரப்பிய உருளைகளுக்குள் செலுத்துகிறது. மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஆக்சிஜன் வெளியே வருகிறது. அந்தக் கம்ப்ரஸரைச் சுழற்றுவது பெரும்பாலும் இண்டக்‌ஷன் மோட்டார். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50-இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். உள்ளே போகும் காற்று குறையும். 5 லிட்டர் வைத்தால் தூய்மை சரியும். மோட்டார் ஒருபக்கம் அளவுக்கு மேல் சூடாகும். இத்தனைக்கும் கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கும், சத்தமும் வழக்கம்போலவே கேட்கும், மூக்கில் காற்றும் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாமலே போகலாம். மூச்சுக்குத் திணறும் ஒருவர் அதை நம்பிப் படுத்திருப்பார்.

இதற்குச் சரியான வழி இருக்கிறது: வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் சேர்த்தே மாற்றும் ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர், அல்லது பேட்டரியிலிருந்து 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டர். இரண்டும் செலவு பிடிக்கும். நமக்கான 230 வோல்ட் கருவியை இங்கேயே வாங்குவது அநேகமாக எளிது. உடன் எடுத்துச்செல்லும் பேட்டரி வகைக் கருவிகளின் அடாப்டரில் 100–240 என்று இருக்கும். அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வளைகுடா நாடுகள் பெரும்பாலானவற்றிலும், சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலும் வோல்ட், ஹெர்ட்ஸ் இரண்டும் ஏறக்குறைய நம்முடையதே. பிளக் மட்டும்தான் பிரச்சினை. சவூதி அரேபியா விலக்கு: அங்கே 60 ஹெர்ட்ஸ், வீடுகளில் 127 வோல்ட்டும் நெடுநாள் புழங்கியது. இங்கிருந்து அமெரிக்கா போகும் பொருள்களின் கதை தலைகீழ். நம் 1,500 வாட் கெட்டில் அங்கே 400 வாட் அளவுக்குத்தான் சுடும். ஆபத்து குறைவு, வேலையும் நடக்காது. மிக்ஸி, கிரைண்டர் கொண்டுபோகிறவர்கள் அந்த நாட்டுக்கென்றே 110 வோல்ட் 60 ஹெர்ட்ஸில் செய்த மாடலைக் கேட்டு வாங்குங்கள். நம் கம்பெனிகளே அவற்றைத் தயாரிக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அப்பா அம்மாவுக்கு நெபுலைசரோ மூச்சுக் கருவியோ வாங்கும் முன் லேபிளைப் படம் எடுத்து இங்கே ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டச் சொல்லுங்கள். 2021-இல் வந்த கான்சன்ட்ரேட்டர் உங்கள் வீட்டுப் பரணிலோ, தெரு நலச் சங்கத்தின் அலமாரியிலோ இருந்தால் இந்த வாரமே இறக்கி லேபிளைப் பாருங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் ‘இங்கே நேரடியாக மாட்டக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்துக்கு யார் வந்து கேட்டாலும் அதை இரவல் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)