சேய்மையிலிருந்து வாக்களித்தல்

குடியாட்சிக்கு உயிர்நிலையாவது மக்களின் வாக்கு. தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்கு நேரிற் சென்று அதனை அளித்தலே பொதுவழக்கம். ஆயினும், போர்முனையில் நிற்கும் வீரரும், நோயுற்றுப் படுக்கையிற் கிடப்போரும், தொழிலின்பொருட்டு வெளியூர் சென்றோரும் என் செய்வர்? சாவடிக்கு வர இயலாமையால் அவர்தம் உரிமை அழிந்துபடலாமோ? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது.

அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனி அரசியலமைப்பு உண்டு. மாநிலச் சட்டமன்றம் இயற்றும் சட்டம் அதற்கு அடங்கியதாய் இருத்தல் வேண்டும். அடங்காதாயின், நீதிமன்றம் அதனைச் செல்லாது என்று தள்ளிவிடும். 1861-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டபின் இவ்வுண்மை நன்கு புலப்பட்டது. பென்சில்வேனியா மாநிலத்துப் படைவீரர்கள் பாசறையிலேயே வாக்களிக்கப் பழைய சட்டமொன்று இடந்தந்திருந்தது. ஆனால், வாக்காளர் தம் தொகுதியிலேயே வாக்களித்தல் வேண்டும் என்பதே அரசியலமைப்பின் கருத்தெனக் கூறி, அம்மாநில உச்ச நீதிமன்றம் 1862-இல் அச்சட்டத்தைத் தள்ளியது. நாட்டிற்காக உயிரையும் ஈய முன்வந்தோர், அந்நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்தனர்! இக்குறை நீங்க, அரசியலமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று. 1864-இல் மக்கள் அத்திருத்தத்தை ஏற்றனர். அவ்வாண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் வீரர்கள் பாசறையிலிருந்தே வாக்களித்தனர்.

கனெக்டிகட் மாநிலமும் 1864-இல் படைவீரர்க்காகத் தன் அரசியலமைப்பைத் திருத்தியது. ஏனையோர்க்கு அவ்வாயில் திறக்கப் பல்லாண்டுகள் சென்றன. 1965-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நான்கு காரணங்களை ஏற்றது. அவை ஊரில் இல்லாமை, நோய், உடற்குறை, அந்நாளில் உலகியற் செயல்களைச் சமயம் விலக்குதல் என்பனவாம். தம் ஊரிலேயே நாள் முழுதும் உழைப்பவர்க்கு இவற்றுள் ஒன்றும் பொருந்தவில்லை. ஐந்தாவது காரணம் ஒன்றைச் சேர்க்கச் சட்டமன்றத்திற்கும் அதிகாரம் இல்லை.

அங்கே அரசியலமைப்பைத் திருத்துதல் எளிதன்று. இரு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கினர் இசைந்தால், திருத்தம் நேரே மக்கள்முன் வைக்கப்படும். பெரும்பான்மை மட்டுமே கிட்டின், அடுத்துத் தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றமும் அதனை மீண்டும் ஏற்றல் வேண்டும். 2014-இல் இத்தகைய திருத்தமொன்றை மக்கள் மறுத்தனர். எனினும் முயற்சி தளரவில்லை. 2021-லும் 2023-லும் இருமுறை சட்டமன்றத்தைக் கடந்துவந்த புதிய திருத்தத்தை 2024 நவம்பரில் மக்கள் ஏற்றனர். காரணம் காட்டாமலே சேய்மையிலிருந்து வாக்களிக்க வழிசெய்யும் அதிகாரம் இதனாற் சட்டமன்றத்திற்குக் கிடைத்தது.

மறுப்போர் கூற்றிலும் பொருளுண்டு. சாவடியில் மறைவிடமும் அலுவலர் காவலும் உள; வீட்டில் அவை இல. பிறர் வற்புறுத்தவும், வாக்குச்சீட்டைக் கைப்பற்றவும் கூடுமன்றோ? அம்மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில், 2023-இல் மேயர் பதவிக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்தலில், இத்தகைய வாக்குகளைக் கையாண்ட முறையில் தவறு நேர்ந்ததெனக் கண்டு, நீதிபதி ஒருவர் மறுதேர்தல் நடத்த ஆணையிட்டார். வாக்குச்சீட்டை உறையிலிட்டு, வாக்காளரே கையொப்பமிட்டு அனுப்புதல் போன்ற காப்புகள் இதுபற்றியே வகுக்கப்பட்டுள்ளன.

உரிமையின் வாயிலை அகலத் திறத்தலும் வேண்டும்; அதன் காவலைத் தளர்த்தாதிருத்தலும் வேண்டும். நல்ல நோக்கம் உடையதாயினும், அரசியலமைப்பை மீறிய சட்டம் நிலைத்து நில்லாது. மக்களிடமே சென்று, அவர்தம் இசைவைப் பெற்று அமைக்கும் வழி காலத்தால் நீண்டதேயாயினும், உறுதியுடையது அதுவேயாகும்.